அணைத்த அடுப்பில் முட்டை

கல் உடைக்கும் ஆலையில் பெல்ட்டின் கொக்கி தெறித்துத் தாடையில் அடித்ததிலிருந்து அவள் கணவனுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. தாடைக்குப் போட்டிருந்த கம்பிக் கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பும் கூடிவிட்டது. ஆனால் மெல்ல முடியாமல் ஆள் பாதியாகிப்போனான்.

"எடை இன்னும் இறங்கிச்சுன்னா மறுபடி மூக்குல குழாய்தான், சொல்லிட்டேன்" என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் முறை மாட்டிய குழாயையே ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி எறிந்தவன் அவன். இன்னொரு முறை மாட்டினால் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முட்டை என்றால் மட்டும் கண் கொஞ்சம் அந்தப் பக்கம் போனது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய வழி ஒன்றுதான். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, உதிரி உதிரியாக வரும்வரை விடாமல் கிளறுவது. வேலைக்குப் போன காலத்தில் அதை அவன் தட்டு தட்டாகத் தின்றான். இப்போது ஒரு வாய் வைத்ததும் வெங்காயம் பல்லிடுக்கில் மாட்டி, வலியில் கண் கலங்கிவிட்டது.

"பால் ஊத்தி நல்லா அடிச்சுக் கிளறு, பூ மாதிரி வரும்" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. பூ வரவில்லை. தட்டெல்லாம் தண்ணீர் விட்டது. "சரி, கொதிக்கிற தண்ணி மேல கிண்ணத்த வச்சுக் கிளறிப் பாரு" என்றாள் மறுநாள். அது மெத்தென்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது கெட்டியாவதற்குள், அவளை வேலைக்கு ஏற்றிப் போகும் சலவைக் கம்பெனி வண்டி அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவனோ ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "பல்லு மொளைக்காத புள்ளைக்குக் கிண்டுனியா?" என்று தட்டைத் தள்ளினான்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். வெல்டர். பட்டறையில் அவனைப் பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை, சீட்டு, கத்திப் பேசுவது என்று அவனைப் பற்றி அவள் மனதில் நல்லதாக ஒன்றும் இல்லை. கையில் ஒரு சட்டி. கனத்த இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பு கட்டி, கைப்பிடிக்குக் கம்பியைப் பற்றவைத்து அவனே செய்தது. தூக்கினால் மணிக்கட்டு இற்றுப்போகும்.

"நாளையிலருந்து காலைல அண்ணனுக்கு நான் பாத்துக்கறேன். நீங்க நேரத்தோட கெளம்புங்க அண்ணி."

"சுடுதண்ணி வைக்கத் தெரியுமா தம்பி உனக்கு?"

"தீயோடதானே அண்ணி பொழப்பே!"

அந்தத் தீதான் காலை வாரியது. சட்டியைக் காய்ச்சி முட்டையை ஊற்றினான், சொர்ரென்று புகைந்தது. அவசரமாக அடுப்பை அணைத்து உப்பைத் தேடி எடுப்பதற்குள் முட்டை கட்டி கட்டியாக இறுகிவிட்டது. கணவன் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டுக் காட்டினான்.

"ஏண்டா, எங்க ஆலையில இத விட நைசா ஜல்லி போடுவாங்கடா."

மறுநாள் தீயைக் குறைத்துப் பார்த்தான். அடி சிவந்து, மேலே தோல் கட்டியது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தத் தகட்டத் தூக்கிப் பரண்ல போடு. என் சட்டியில கிளறு."

"சட்டி மேல குத்தமில்ல அண்ணி" என்று அவன் அடுப்பெதிரே குந்திவிட்டான். வெறும் சட்டியைக் காய்ச்சி, தீயை அணைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அதுவும் ஓடி ஓடிக் காய்ந்தது. தலையில் அடித்துக்கொண்டான். "தீய எடுத்து எவ்ளோ நேரமானாலும் இரும்பு சூட்ட விடாது. தெரியாம கைய வச்சுத் தோல் போனவனுங்கள நானே பாத்திருக்கேன். அப்படியும் தீய எரிய வச்சு முட்டைய ஊத்துறேன் பாருங்க. என்னச் செருப்பால அடிக்கணும்!"

அடுத்த காலை அவள் வண்டிக்குப் போகவில்லை, நின்று பார்த்தாள். சட்டி காய்ந்ததும் வெண்ணெயைப் போட்டான். அது சிவக்காமல் நுரைத்து அடங்கியது. அடுப்பை அணைத்தான். அதற்கப்புறம்தான் முட்டையை ஊற்றினான். சத்தமே இல்லை. மரக்கரண்டியால் விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுத்தான், விட்டான், இழுத்தான். பொறி பறக்கும் இடத்தில் பதறாமல் நகரும் அந்தக் கை முட்டையிலும் அப்படியே நகர்ந்தது. இந்தக் கையையா முரட்டுக் கை என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மேலே ஈரம் மின்னும்போதே வழித்துத் தட்டில் போட்டான்.

"இன்னும் வேகலியே தம்பி."

"அண்ணன் கைக்குப் போறதுக்குள்ள வெந்துரும்."

வெந்துவிட்டது. கணவன் நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தி, விழுங்கினான். தாடை அசையவில்லை. இன்னொரு கரண்டி. தட்டு காலியானது.

"உப்பு பத்தல" என்றான். "இன்னும் ரெண்டு முட்டைய ஒடை."

அப்புறம் தினமும் அதுதான். மிளகு ஒரு நாள், தக்காளிச் சாறு ஒரு நாள். பட்டறைக்குப் பிந்திப் போய் முதலாளியிடம் வசவு வாங்கினாலும் பொறி ஒரு காலையும் தவறவிடவில்லை.

எடை பார்க்கும் நாளில் நர்ஸம்மா குழாய்ப் பொட்டலத்தை மேசைமேல் தயாராக வைத்திருந்தாள். கணவன் இயந்திரத்தில் ஏறினான். முள் ஆடி நின்றது. நர்ஸம்மா குனிந்து பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"ஏறியிருக்கே! என்னம்மா குடுக்கற?"

"முட்டைதாம்மா. என் கொழுந்தன் ஆக்கிப் போடுறாரு" என்றாள். அவனை 'ர்' போட்டு மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நர்ஸம்மா பொட்டலத்தை இழுப்பறையில் போட்டு மூடினாள். கணவன் அது மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இயந்திரத்திலிருந்து இறங்கினான். அவள் கை கொடுக்கப் போனாள். வேண்டாம் என்று தானே நடந்தான்.

வெளியே பொறி வேலை உடுப்போடு நின்றிருந்தான். கதவு திறந்ததும் அண்ணன் மூக்கைத்தான் முதலில் பார்த்தான்.