சிம்றாவின் இறைச்சிப் பங்கு

மீன் வியாபாரி மஹ்றூபின் எட்டு வயது மகள் சிம்றா எந்தக் கறிக்கும் நொட்டை சொல்வாள். இப்போது மீன், இறைச்சி இரண்டையும் அறவே விட்டுவிட்டாள். அன்றைக்குச் சாய்ந்தமருதில் கலியாணம். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் சேர்ந்திருந்து தின்ன வேண்டும்.

“இறைச்சியைத் தொடாட்டி கலியாண ஊட்டார் குறையா நினைப்பாங்க, மகள். என்ட மானம் போயிடும்.”

“நான் கத்தரிக்காய் தின்னுறன், வாப்பா.”

மஹ்றூப் நம்பவில்லை. வீட்டில் அதையும் ஒதுக்குகிறவள்தானே.

சஹன் வந்தது. எதிரே இருந்த, எல்லாரும் காக்கா என்று மரியாதையாய்க் கூப்பிடும் பருத்த காசீம், சிம்றா இறைச்சி தின்னமாட்டாள் என்று கேட்டதும் கத்தரிக்காய் முழுவதையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவள் பங்கு இறைச்சியை அள்ளிக்கொண்டார். சிம்றா வயிறு முட்டத் தின்றாள்.

“மகள், நாளைக்கு மருதமுனைக் கலியாணத்துலயும் என்னோட இருங்க,” என்றார் காசீம்.

“அவள் என்ட சஹன்லதான் இருப்பாள். நீங்க வேற இடம் பாருங்க, காக்கா,” என்றான் மஹ்றூப்.