குகன் கையெழுத்து

பிரமிளாவின் கோப்பில் பேர்போன நாடகாசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். சிலவற்றைக் கெஞ்சி வாங்கினாள், சிலவற்றை ஏலத்தில் மல்லுக்கட்டிப் பிடித்தாள். கடைசி உறை மட்டும் காலி. அது குகனுக்கு.

கோலாலம்பூரில் குகன் நாடகம் என்றால் இன்றைக்கும் அரங்கம் நிரம்பும். யார் எழுதினாலும் பதில் போடுகிற மனுஷன். கேட்டால் கிடைத்துவிடும். அந்தப் பாழாய்ப்போன கேட்பதுதான் பிரமிளாவுக்கு முடியவில்லை.

"ஊர்ல உள்ளவங்க கையெழுத்தெல்லாம் வாங்கிட்ட. இவருகிட்ட மட்டும் என்ன வெக்கம்? எழுதுலா," என்பாள் மஹ்பூபா. பிறை ஊர்த் தொழிற்சாலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

வெட்கம் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் குகனும் பிறையில்தான் வேலை பார்த்தான். சாயங்காலம் கடலுக்கு அக்கரையில் தீவில் ஒத்திகை. அவன் எழுதிய நாடகத்தில் அவள்தான் கதாநாயகி. ஒருநாள் திரும்புகிற ஃபெர்ரியில், கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பிரமிளா, இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குப் போயிடலாமா?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! நெஞ்சு நிறைந்து, வாய் நிறையச் சொன்னாள்: "சரிண்ணே."

மீ நூடுல்ஸ் கடைக்காரர் அண்ணே, லாரி ஓட்டுகிறவர் அண்ணே, எதிர்ப்பட்ட ஆம்பளை எல்லாரும் அண்ணே. அந்தப் பழக்கத்தில் நாக்கு செய்த வேலை அது. அவள் சொன்னது சரி. அவன் காதில் விழுந்தது அண்ணே. சிரித்து மழுப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போனான். சீக்கிரமே கோலாலம்பூருக்கு மாறிப் போய்விட்டான். கூப்பிட்டு விளக்கம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த வரன் எதுவும் அவள் மனசுக்கு ஒட்டவும் இல்லை.

மஹ்பூபாவின் நச்சரிப்பு தாங்காமல் ஒருவழியாக எழுதினாள். கையெழுத்துச் சேகரிப்பதைச் சொல்லி நாலு வரி கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் மேலே 'அன்புள்ள குகன்' என்று மொட்டையாக எழுதினாள். அண்ணே இல்லாமல். அதை அவன் கவனிக்க வேண்டுமே என்று தபால் வரும்வரை தவித்தாள்.

பதில் வந்தது. தனியாகப் பிரிக்கத் தைரியமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கோப்போடு எடுத்துப்போய், மஹ்பூபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தாள்.

'அன்புத் தங்கை பிரமிளாவுக்கு. நான் எழுதிய எந்த வசனமும் அன்றைக்கு நீ சொன்ன ஒரு சொல்லைப் போல என்னை உலுக்கியதில்லை. சிரமப்பட்டுத்தான் உன்னைத் தங்கையாக நினைக்கப் பழகினேன். இப்போது நன்றாகப் பழகிவிட்டது. உன் அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள். இப்படிக்கு, உன் அண்ணன் குகன்.'

கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"கெடச்சிருச்சா?" என்றாள் மஹ்பூபா.

"கெடச்சிருச்சு." கடிதத்தை மடித்துக் காலி உறைக்குள் வைத்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன தண்ணி வேணும்?"

"தே தாரே," என்று டீ கேட்டாள். அத்தோடு நிறுத்தத்தான் பார்த்தாள். பாழும் நாக்கு கேட்டால்தானே.

"ஒண்ணு போதும்ணே."