ஒரே வீட்டில் இரண்டு பரீட்சை

"கதவச் சாத்திக்க உர்சுலா. ஜோன் கிளம்புற நேரம்."

ஓரகத்தி தங்கம் குரலை உயர்த்தவில்லை. உர்சுலா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கையில் பரீட்சைச் சீட்டு இருந்தது. மணி ஆறே முக்கால். எட்டு மணிக்குப் பள்ளியிறுதி ஓ லெவல் ஆங்கிலத் தாள். தங்கத்தின் மகள் ஜோனுக்கு அதே பரீட்சை அடுத்த தெருப் பள்ளிக்கூடத்திலேயே. பள்ளியில்லாமல் தனியாக எழுதும் உர்சுலாவுக்குக் குவீன்ஸ்டவுனில். வீடு இருக்கும் பூன் லேயிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரமாவது ஆகும்.

விடியும் முன்பே கேட்டுப் பார்த்தாள். "நான் முன்னாடியே போயிடுறேனேக்கா."

"நீ முன்னால போனா, புள்ள உன் பின்னால வர்ற மாதிரி ஆயிடும்லா. அவ போகட்டும், அஞ்சு நிமிஷந்தானே."

உர்சுலாவின் கணவன் ஆம்ப்ரோஸ், ஜூரோங் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து செத்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவன் அண்ணன் வீட்டில்தான் அவளுக்குச் சோறு. அன்றிலிருந்து நல்ல காரியத்துக்கு யார் கிளம்பினாலும் அவள் எதிரே வரக்கூடாது. தங்கம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள், கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். என்ன செய்வது, இவர்கள் பாட்டன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியது மனிதர்கள் மட்டுந்தான், சகுனம் வாங்கவில்லை.

பகலில் உர்சுலாவுக்குத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியே கம்பி ஒட்டும் வேலை. ஆங்கிலத்தில் தேறினால் ஆபீசில் எடுத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். ஆபீஸ் சம்பளம் வந்தால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். அங்கே எந்தக் கதவுக்குப் பின்னாலும் நிற்க வேண்டாம்.

அதற்காகத்தான் பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினாள். லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலச் சொற்கள் கொத்துக் கொத்தாய் வரும் என்றது அது. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடாய் வந்தது. சிறுமியாய்க் கோயில் பாடற்குழுவில் அர்த்தம் தெரியாமல் பாடிய லத்தீன் எல்லாம் உள்ளேயே கிடந்ததே! கிரெடோ என்றால் விசுவசிக்கிறேன். அதிலிருந்து கிரெடிபிள், இன்கிரெடிபிள். சாயங்காலம் ஜோனை உட்கார்த்தி வைத்து ஒவ்வொரு வேராகச் சொல்லிக் கொடுத்தாள். மோர்த்திஸ் என்றால் மரணத்தின். அதிலிருந்து மார்ட்டல், இம்மார்ட்டல். மார்ச்சுவரி என்ற சொல்லை மட்டும் அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆம்ப்ரோஸை அடையாளம் காட்ட அங்கே போய் நின்றவள் அவள்.

வெளியே செபம் முடிந்து ஜோன் இறங்கிப் போகும்போது ஏழடித்துவிட்டது. உர்சுலா கதவைத் திறந்து செருப்பில் கால் நுழைத்தாள். படிக்கட்டில் தடதடவென்று சத்தம்.

"அம்மா, ஐ.சி. மறந்துட்டேன்!"

தங்கம் உர்சுலாவின் தோளைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினாள். போன பிள்ளை அடையாள அட்டைக்காகத் திரும்பினால் சும்மா அனுப்பலாமா? உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், திருஇருதயப் படத்துக்கு முன்னால் மறுபடி முதலிலிருந்து செபம்.

கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். கையை வைத்தாள், எடுத்துவிட்டாள். பிள்ளை தோற்றுப்போனால் ஆயுளுக்கும் தன் முகத்தைத்தான் சொல்வார்கள் என்ற பயம். அதைவிடக் கேவலம், ஒருவேளை நிஜமாகவே தன் முகத்தில் ஏதாவது இருக்கிறதோ என்றும் தோன்றியது. ஜோன் மேல் அவளுக்கு உயிர். அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதாள்.

ஜோன் சாலையைக் கடந்ததை ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் தங்கம் வழிவிட்டாள். மணி ஏழரை. முதல் பஸ் நிற்காமலே போயிற்று. குவீன்ஸ்டவுனில் இறங்கி ஓடியபோது எட்டு நாற்பது. அரைமணிக்கு மேல் தாமதமானால் அனுமதியில்லை என்றாள் வாசலில் நின்ற சீனப் பெண்மணி. அவள் முகத்திலும் வருத்தம் இருந்தது. கெஞ்சுவதற்கு உர்சுலாவுக்கு எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் தெரியும். 'ப்ளீஸ்' தவிர ஒன்றும் வாயில் வரவில்லை.

மத்தியானம் ஜோன் துள்ளிக்கொண்டு வந்தாள். "சித்தி, பேப்பர் ஈசி லா! நீங்க சொல்லிக் கொடுத்ததுல நாலு வேர்டு வந்துச்சு. நீங்க எப்படி எழுதினீங்க?"

"என்னை உள்ள விடலம்மா. லேட்டாப் போச்சு."

ஜோன் சமையலறைக் கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நான் ஐ.சி. எடுக்க வந்தப்ப நீங்க உள்ளயா இருந்தீங்க?"

தங்கம்தான் இடையில் புகுந்தாள். அவள் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாம், விடு. பாவம், இன்னிக்குக் காலையில யார் முகத்துல முழிச்சியோ."

உர்சுலா முதன்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்க முகத்துலதான்க்கா," என்றாள்.