நோயில்லாத ரத்தம்

ஊரே முட்டுவலியில் நொண்டிய 2006-இல், எங்கள் பேராசிரியர் ஜெயசிங்குக்கு மட்டும் சிக்குன்குனியா வரவில்லையாம். சாக்கடையோரம் கிடப்பவர்களுக்குத்தான் அது வரும் என்பார். அந்த வைரஸ் நுழைந்ததும் உடம்பின் மரபணுக்கள் ஒன்றையொன்று எப்படி முடுக்குகின்றன என்று கணினியில் வலைப்படம் போடுவது எங்கள் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமே! தன் ரத்தத்தையும் வீட்டார் ரத்தத்தையும் கொடுத்தார்.

"சார், போன வாரம் எல்லாரும் காய்ச்சல்ல கிடந்தியளே?" என்றேன்.

"அது மழை நனைஞ்ச காய்ச்சல், ரெஜிஷா. எங்க வீடு சுத்தமான வீடு."

நாகர்கோவில் கருத்தரங்கில் மார்தட்டினார்: "நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் வித்தியாசமே இல்லை. இந்த வைரஸ் மரபணுக்களைத் தொடுவதே இல்லை!"

கைதட்டினார்கள். பிறகு முட்டு மடங்காத அந்த மேதையை இரண்டு பேர் மேடையிலிருந்து தூக்கி இறக்கினார்கள்.