எக்ஸ்சேஞ்சம்மா பார்த்த கோட்டைகள்

இரண்டாவது கோட்டைக்குப் போகிற வழியிலேயே வழிகாட்டிப் பெண்ணின் தொண்டை கட்டிக்கொண்டது. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி, "இந்தக் கோட்டையைக் கட்டியவர்..." என்று ஆரம்பித்தவள் வெறும் காற்றாக முடித்தாள். தண்ணீர் குடித்தாள், செருமினாள், மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். கிணற்றுச் சுவரில் வாளி உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே தவிர சொல் வரவில்லை.

"கட்டினது யாரு? அதச் சொல்லாம விட்டா எப்படி?" என்று நடு வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். காலையில் பஸ் கிளம்பியதிலிருந்து கேட்டுக்கொண்டே வருகிறவர். முதல் கோட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் அவருக்குக் கேள்வி மன்னர் என்று பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெண்ணின் தொண்டை போனதில் அவருக்கும் பங்கு உண்டு.

முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த மாமியார் எழப்போனார். மருமகள் சட்டென்று கையைப் பிடித்தாள்.

"அத்தை, ஓடுற பஸ்ல எழுந்திருக்காதீங்க."

"நான் எழுந்திருக்கல. நீ எழுந்திரு. அந்தப் பொண்ணு இங்க உக்காரட்டும்."

மருமகள் எழுந்து கதவோரத்து மடக்கு இருக்கைக்குப் போனாள். வழிகாட்டிப் பெண் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். மாமியார் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"நீ மெதுவா என் காதுல சொல்லும்மா. நான் அவங்களுக்குச் சொல்றேன். முப்பது வருஷம் அந்த வேலைதான் பாத்தேன்."

தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். தெருவில் இன்றைக்கும் எக்ஸ்சேஞ்சம்மா என்றுதான் பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற பலகையில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குக் கம்பியைச் செருகி, ஊருக்கு ஊர் பேச்சை அனுப்பி வைத்தவர். பேசியவர்கள் எல்லாம் அடுத்தவர்கள். அவர் பேசியது "லைன்ல இருங்க" என்பது மட்டும்தான். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் யார் பேசினாலும் கேட்பார். தன்னைப் பற்றிச் சொல்வது அபூர்வம்.

மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை என்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பழமொழியில் பாதி பொய்த்துப் போயிருந்தது. மருமகள் மெச்சினாள். மாமியார் மெச்சினாரா என்பது தெரியாது, அவர் வாய்விட்டுச் சொல்கிற ரகமில்லை. மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு நேரே முகம் வைத்து, காதோரம் பிரேம் வளைத்துக் கொடுப்பவள். பேசாதவர் முகத்தையும் கொஞ்சம் படிக்க அவளுக்குத் தெரியும். அப்படித்தான் சுற்றுலா நிறுவனத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த சுவரொட்டியின் முன்னால் மாமியார் நின்றதை அவள் கவனித்தாள். ஒரே நாளில் மூன்று கோட்டைகள், பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்பலாம் என்று போட்டிருந்தது.

"இந்த மூணு ஊருக்கும் லைன் போட்டிருக்கேன்" என்றார் மாமியார். "மூணாவது ஊர் லைன்ல எப்பவும் காத்துச் சத்தம். மலை மேல இருக்கும் போல." மருமகள் அன்றைக்கே இரண்டு இருக்கைகள் பதிவு செய்துவிட்டாள்.

கணவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் இதயம் பழைய மோட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓடுகிற வரைக்கும் ஓடும், மேடு ஏற்றக்கூடாது. "கோட்டைன்னா மேட்டுலதான் இருக்கும். பள்ளத்துல எவன் கட்டுவான்?" என்றான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில், "சரி, போங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றான்.

"சொல்றேன்" என்றாள் அவள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

இப்போது பஸ் அகழியின் ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வழிகாட்டிப் பெண்ணின் உதடு அசைய அசைய, மாமியாரின் குரல் பஸ் முழுக்கப் பரவியது. அந்தக் குரலை மருமகள் இதற்கு முன் கேட்டதே இல்லை. உயரமும் இல்லை, தாழ்வும் இல்லை. கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் சிதறாமல் போய்ச் சேர்ந்தது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் விழித்தார்கள்.

"இடது பக்கம் தெரியுறது அகழி. அந்தக் காலத்துல இதுல முதலை விட்டிருந்தாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்போ புல்லுதான் இருக்கு. பயப்படாம இறங்கலாம்."

வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்தாள். புல்லைப் பற்றிய பேச்சு அவள் சொன்னதில்லை. பஸ் சிரித்தது. மாமியார் தானே திடுக்கிட்டவர் போல மருமகளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அடுத்தவர் பேச்சுக்கு நடுவே ஒரு சொல் போடாதவர் முதன்முறையாகப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு அணை உடைந்த கதைதான். கோட்டைக்குள் கையொலிபெருக்கியை ஓட்டுநர் எடுத்துக் கொடுத்தார். கொத்தளத்தின் கீழே நிழலில் உட்கார்ந்தபடி மாமியார் சொன்னார், கூட்டம் சுற்றி நின்று கேட்டது. கடைசி ராணி எதிரியின் கையில் சிக்காமல் கோபுரத்திலிருந்து குதித்த கதைக்கு வந்தபோது அவர் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு, "நிஜமாவா?" என்று வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். மாமியார் தலையை ஆட்டிவிட்டு ஒலிபெருக்கியைத் தூக்கினார்.

"குதிச்சாங்கன்னு சொல்றாங்க. பாத்தவங்க யாரும் எழுதி வைக்கலையாம். சோகமா இருந்தா கேக்கறவங்களுக்குப் பிடிக்குதுன்னு சொல்லிட்டு வர்றாங்களாம். இந்தக் கோட்டைக்கு மூணு வாசல் இருக்கு. ராணிக்கு மூளை இருந்திருந்தா குதிச்சிருக்க மாட்டாங்க."

"அப்போ எந்த வாசல் வழியா போனாங்க?" என்று கேள்வி மன்னர் கேட்டார்.

"லைன் கிடைச்சா கேட்டுச் சொல்றேன், இருங்க."

எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான். மதியச் சாப்பாட்டின்போது தன் பொட்டலத்திலிருந்த ஆரஞ்சைக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமியார் அதை உரித்து, வெள்ளை நாரையெல்லாம் எடுத்து, பாதியை மருமகளுக்குத் தந்தார்.

"ரொம்பப் பேசிட்டேனா?"

"இன்னும் பேசுங்க அத்தை. நல்லா இருக்கு."

"உன் வீட்டுக்காரன் நம்ப மாட்டான்."

மூன்றாவது கோட்டை மலை மேல்தான் இருந்தது. பஸ் வாசல் வரைக்கும் போனது. இறங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. மாமியார் கதவுப்படியைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். அவர் உதடு வெளிறியிருந்தது மருமகளுக்குப் பிடிக்கவில்லை.

"அத்தை, இங்கேயே பஸ்ல உக்காந்திடலாமா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டு பஸ்ஸையா பாக்கறது?"

வாயில் வளைவுக்கு அடியில் ஒரு கல் பெஞ்சு இருந்தது. அங்கே காற்று அடங்கியிருந்தது, முன்முற்றம் முழுக்கத் தெரிந்தது. மாமியார் அதில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தார். பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த காவலாளி எழுந்து தன் குடிதண்ணீரைக் கொடுத்தார். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. மருமகள் உட்காரப்போனாள்.

"நீ எதுக்கு உக்கார்ற? மேல போ."

"நான் போகல. உங்ககூட இருக்கேன்."

"என் முகத்த வீட்டுல பாத்துக்கலாம். அந்தக் கோபுரம் உன் வீட்டுக்கு வராது. போம்மா."

அது ஆபரேட்டர் குரல். மறுப்பைக் கேட்டுப் பழக்கமில்லாத குரல். மருமகள் போனாள்.

கோபுரத்தின் உள்ளே படிகள் சுருண்டு சுருண்டு ஏறின. உச்சியில் மற்றவர்கள் ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஆறு வளைந்து போனது, அதன் ஓரமாக ஊரும் வயல்களும். அவள் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்பக்கச் சுவருக்கு வந்து முற்றத்தைக் குனிந்து பார்த்தாள். வாயில் வளைவின் விளிம்பில் மாமியாரின் முழங்காலும் செருப்பும் மட்டும் தெரிந்தன. காவலாளி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, கையை ஆட்டி ஆட்டி ஏதோ விவரித்துக்கொண்டிருந்தார். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு காவலாளியின் கை நின்றது. அவர் எழுந்தார், குனிந்து பார்த்தார், பிறகு முற்றத்தின் நடுவுக்கு வந்து நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். அங்கே இருந்த அத்தனை பேரில் அவர் யாரைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கிய படிகள் அவளுக்கு ஞாபகமில்லை. அவள் போய்ச் சேரும்போது ஓட்டுநர் மாமியாரைத் தரையில் படுக்க வைத்து மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டுகிற அளவுக்கு வியர்த்தும் அவர் நிறுத்தவில்லை. ஊருக்குள்ளிருந்து டாக்டரும் ஆம்புலன்ஸும் வந்த பிறகுதான் கையை எடுத்தார். டாக்டர் வயதானவர். மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, எழுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்கம்மா" என்றார்.

மருமகள் மாமியாரின் கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் இருபுறமும் அது அழுத்திய தடம் இருந்தது. கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கணவனுக்குப் போன் செய்தாள்.

"அத்தை போயிட்டாங்க" என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் மூச்சு கேட்டது. பின்னால் அவன் அலுவலகத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தமும் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. காற்று இரண்டு பேருக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவன், "எந்தக் கோட்டை?" என்று கேட்டான். சொன்னாள். "வர்றேன்" என்றான்.

அவன் வந்து சேரும் வரை காவலாளிகளின் அறையில் கட்டிலில் கிடத்தி வைக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். பஸ் திரும்பியாக வேண்டும். அது கிளம்புவதற்கு முன் பயணிகள் ஒவ்வொருவராக அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அவர் பெயர்கூட அவர்களில் பலருக்குத் தெரியாது. கேள்வி மன்னர் கடைசியாக வந்தார். அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. வழிகாட்டிப் பெண் மட்டும் பஸ்ஸில் ஏறவில்லை. ஓட்டுநரிடம் சைகையில் போகச் சொல்லிவிட்டு வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கணவன் நண்பனின் காரில் வந்தான். நேரே உள்ளே போனான். மருமகள் வெளியே நின்றாள். சொல்ல வேண்டிய பதிலை அவள் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அது பாதியிலேயே நின்றது. அவன் வெளியே வரும்போது முகம் வீங்கியிருந்தது.

"மேல ஏறினாங்களா?"

"இல்ல. நான்தான் ஏறினேன். போகச் சொன்னாங்க."

"அப்போ தனியா இருந்தாங்களா?"

அவள் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். பதில் காவலாளியிடமிருந்து வந்தது.

"நான் இருந்தேங்க. இந்தக் கதவ எப்படிச் சாத்துவீங்கன்னு கேட்டாங்க. இத்தன வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல. தாழ்ப்பாளு, சாவி எல்லாம் சொல்லிட்டு இருந்தேன். ம், ம்னு கேட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் ம் வரல." அவர் கல் பெஞ்சைக் காட்டினார். "நான் இன்னும் கொஞ்சம் சொல்லிட்டுதான் திரும்பிப் பாத்தேன்."

கணவன் கல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க. ஆரஞ்சு உரிச்சு எனக்கும் தந்தாங்க." அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு பூரா மைக்குல அவங்கதான் பேசினாங்க. பஸ்ஸே சிரிச்சுது."

"எங்கம்மாவா?"

"உங்கம்மாதான்."

அவன் நம்பாமல் வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். மேலும் மேலும் ஆட்டினாள்.

"என்ன பேசினாங்க?" என்று கேட்டான். "முதல்ல இருந்து சொல்லு."

அவள் அகழியிலிருந்து ஆரம்பித்தாள். ராணி வரும் இடத்தில் அவன் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அது எதுவாக மாறப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை, கையால் மூடிக்கொண்டான்.

வெயில் சாய்ந்த பிறகு கிளம்பினார்கள். ஆம்புலன்ஸில் அம்மாவின் ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் அவளும் உட்கார்ந்தார்கள். வழிகாட்டிப் பெண் காரில் பின்னால் வந்தாள். மலைப்பாதையின் கடைசித் திருப்பத்தில் ஒரு மந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது, மேய்ந்துவிட்டுத் திரும்புகிற ஆடுகள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஆடுகள் அவசரமில்லாமல், வண்டியின் பக்கவாட்டில் உடம்பை உரசிக்கொண்டு போயின. எல்லாம் போன பிறகும் ஒரு குட்டி மட்டும் நடுச்சாலையில் நின்று வண்டியைப் பார்த்தது. ஓட்டுநர் சாவியில் கை வைத்தபடி, அது போகும் வரை காத்திருந்தார்.