குளிர்ந்தால் நெருங்குமா தூசி?

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. என் வாரத் தொடரின் பதினேழாம் அத்தியாயத்தில் வில்லன் ஒரு பிளாஸ்மாக் குழாயைக் குளிரவைத்தான். உள்ளே மிதந்த தூசித் துகள்கள் "நடுநடுங்கி, ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடின" என்று ஜோராக எழுதிவிட்டேன். பத்திரிகை வந்த காலையிலேயே அண்ணி போன் செய்தார்.

"தம்பி, பத்து வருஷமா அந்தத் தூசியோடதான் குடித்தனம் பண்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஏன் அண்ணி, தப்பா?"

"விலகி ஓடுச்சாம்ல! வெள்ளிக்கிழமை லேபுக்கு வா. ஓரமா உட்காரு, எதையும் தொடாதே."

அந்த ஓரத்தில், ஸ்டூலில், மடியில் நோட்டோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: 'டமால்!' (இல்லை. பம்ப் மட்டும் முனகுகிறது.)

தொடக்கம் இரண்டு: 'அந்தக் குழாய்க்குள் மரணம் காத்திரு—' (காத்திருப்பது அரைச் சிட்டிகை பிளாஸ்டிக் தூள்.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். மதியம் இரண்டு மணி. ஒரு கண்ணாடிக் குழாய். அதில் கொஞ்சம் வாயு, மின்சாரம் பாய்ந்ததும் ஊதா ஒளி. அதுதான் பிளாஸ்மா. மேலே உள்ள குட்டிச் சல்லடையை விரலால் தட்டினால் தூள் இறங்கி, விழாமல், அந்தரத்தில் வரிசை கட்டி நிற்கிறது.

"ஒவ்வொரு துகளும் ஆயிரக்கணக்குல எலக்ட்ரானைச் சுமக்குது," என்றார் அண்ணி. "எல்லாம் ஒரே வகை மின்சாரம். 'கிட்ட வராதே'ன்னு ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்கும்."

"குளிரவச்சா?"

"குழாயைச் சுத்தித் திரவ ஹீலியம். உள்ள இருக்கிற எதிர்வகை மின்சாரம் ஏறின அணுக்களுக்கு, அதான் அயனிகளுக்கு, வேகம் குறைஞ்சிடும். அதுங்க ஒவ்வொரு துகளையும் நெருக்கமாச் சூழ்ந்து திரை போட்டுடும். முறைக்கிறது பக்கத்துத் துகளுக்கே தெரியாது. அதனால கிட்ட வரும். இது என் கணக்கு. கண்ணால காட்டணும்."

காட்டவேண்டியது இன்று, நான்கு மணிக்குள். குழாய் யாருக்கு என்று முடிவுசெய்யும் ஆய்வுக் குழு வருகிறது. காட்டாவிட்டால் குழாய் பக்கத்து அறைக்காரர்களுக்குப் போய்விடும். இருப்பது ஒரு குடுவை ஹீலியம். அடுத்தது ஆறு மாதம் கழித்து.

3

மூன்றரை மணிக்குக் காட்டிவிட்டார்! அறைச் சூட்டில் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்ற துகள்கள், குளிரில் அதில் கால்வாசி தூரத்துக்கு வந்துவிட்டன. கேமராத் திரையில் அப்படி ஒரு நெருக்கம். அண்ணி ஸ்டூலோடு என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

கதை முடிந்திருக்கவேண்டியது. அப்போதுதான் வால்வு அண்ணன் வாயைத் திறந்தார்.

(வால்வு அண்ணன் என் அண்ணன் அல்ல; வாயு வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த லேபின் டெக்னீஷியன். தொப்பியும் மீசையுமாக இருப்பதால் முதல் வரைவில் இவரைச் சதிகாரர் ஆக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். இவ்வளவு நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு த்ரில்லர் எழுதுவது பெரும்பாடு.)

"நம்ம பங்கும் இருக்கும்மா," என்றார் பெருமையாக. "குளிர ஆரம்பிச்சதும் அழுத்தமானி முள்ளு சரசரன்னு இறங்குச்சு. விடுவேனா? வாயுவைத் திறந்து திறந்து, முள்ளை அசையவிடாம புடிச்சேன்ல!"

அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"திறந்தீங்களா?"

"முப்பது வருஷமா முள்ளு இறங்கினா ஏத்துற கைம்மா இது."

குளிர்ந்தால் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். இறங்க விடாமல் வாயுவை ஏற்றினால் குழாய்க்குள் பல மடங்கு வாயு சேர்ந்துவிடும். துகள்கள் நெருங்கியது குளிராலா, வாயுக் கூட்டத்தாலா? யாரால் சொல்லமுடியும்?

4

முடிவு அ: அண்ணி வால்வைப் பற்றி மூச்சுவிடாமல் படத்தைக் குழுவிடம் காட்டுகிறார். கைதட்டல். (அழுத்தமானியின் பதிவைக் குழு கேட்காது. நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.)

"அண்ணி, படம் நிஜம்தானே? காட்டிடுங்களேன்."

"பதினேழாம் அத்தியாயம் எழுதின ஆளு பேசுறியா?"

முடிவு ஆ: வால்வு அண்ணன் கண்ணீர் மல்க— (அவர் அழவில்லை. நாற்காலியில் தன் இரண்டு கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "இனி இதை வெளிய எடுக்கமாட்டேம்மா.")

முடிவு இ-யை அண்ணியே தொடங்கிவிட்டார். குடுவையில் இன்னும் அரை மணி நேரத்துக்கு ஹீலியம் இருந்தது. பம்பைப் போட்டு, கூடுதல் வாயுவை உறிஞ்சி எடுத்தார். ஒளி ஒருமுறை நடுங்கியது. மிதந்த தூசி அத்தனையும் கொட்டிப் போனது. அழகான காட்சி துடைத்துப் போட்டதுபோல் காலி.

"இப்போ நெருங்கலேன்னா அண்ணி?"

"குழாய் போகும். என் கணக்கு தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிடும். தெரியாம இருக்கிறதுக்கு அது தேவலை."

5

மணி மூன்று ஐம்பத்தைந்து. வெளியே தாழ்வாரத்தில் குழுவின் செருப்புச் சத்தம். முள் இறங்கவேண்டிய இடத்துக்கு இறங்கிவிட்டது. ஊதா ஒளி நிதானமாக நிற்கிறது. குழாய்க்குள் ஒரு துகள்கூட இல்லை.

அண்ணியின் இடது கை பம்பில், வலது கை கேமராவில், கண் திரையில்.

"யாராவது சல்லடையைத் தட்டுங்கப்பா!"

வால்வு அண்ணன் கைமேல் உட்கார்ந்தபடி என்னைப் பார்க்கிறார். என் கையில் பேனா. அதோடு, பார்க்காத தூசியைப் பற்றி எழுதி நான் பட்டது போதும்; இந்தத் தடவை குழாயை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? மெதுவாக. ஒரே ஒரு தட்டு.