பெல்டன் துரையின் நூறு கெஜம்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு 1934இல் பெரிய துரைக்கு உதவியாக, சின்னத்துரையாக வந்த பெல்டனுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. சீமையில் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடியவர். அதற்கு முன்பு நூறு கெஜ ஓட்டத்தில் தன் மாகாணத்துச் சாதனையையும் வைத்திருந்தவர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்கையில், இரண்டையும் தோட்டத் தமிழில் சொல்லி முடித்த பிறகுதான் வேலைக்கு அனுப்புவார்.

ஆனால் தோட்டத்துப் பந்துக் கோஷ்டியில் சேரக் கூப்பிட்டால் மட்டும் நழுவிவிடுவார்.

"கால் கெழவன் ஆச்சு. பழைய ஸ்பீட் இல்லே."

ராகலைத் தோட்டத்தாருடன் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் ஐந்து கோல் வாங்கிய அவமானம் இன்னும் ஆறவில்லை. கோஷ்டித் தலைவன் வீரய்யா, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்பவன், கோல் காக்கும் ஆபீஸ் கிளாக்கர் லோரன்ஸைத் தேடிப் போனான்.

"ஐயா, வேகம் போயிருச்சுன்னு தொரை நெனைக்கிறாரு. போகலைன்னு காட்டிட்டா வந்துருவாருங்க."

"எப்பிடிக் காட்டுறது?"

"நெலத்தக் கொஞ்சம் சுருக்கிட்டாப் போதுங்க."

லோரன்ஸ் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். அது பாவமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள், நூறு கெஜம் அளக்கும் கயிற்றில் பத்துக் கெஜத்தை அவரே வெட்டினார்.

சும்மா ஒரு தடவை ஓடிப் பார்க்கும்படி துரையைக் கெஞ்சினார்கள். கடிகாரம் லோரன்ஸ் கையில். துரை ஓடினார், எல்லைக் கோட்டைத் தாண்டி, நிற்க முடியாமல் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தார். எழுந்து வந்து கடிகாரத்தைப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். தன் பழைய சாதனையையே முறியடித்திருந்தார். அவர் கண் கலங்கியதைக் கண்டதும் லோரன்ஸ் ஒரு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"மலைக் காத்துங்க தொரை. ஆளத் தூக்கிவிட்டுரும்," என்றான் வீரய்யா.

"நான் வெளையாடும்," என்றார் துரை.

செய்தி தேயிலை லொறியில் ஏறி ராகலைக்குப் போனது. போகிற வழியில் துரையின் வேகம் இன்னும் கூடியது.

போட்டியன்று ராகலைக்காரர்கள் துரைக்கென்றே மூன்று பேரை ஒதுக்கியிருந்தார்கள். துரை அப்படியொன்றும் வேகமாக ஓடவில்லை. வந்த பந்தை இரண்டு தடவை கோட்டை விட்டார். ஆனாலும் அவர் போன இடமெல்லாம் மூவரும் போனார்கள். சப்பாத்துக் கயிறு கட்ட அவர் குனிந்தபோதும் சுற்றி நின்றார்கள். மறுபக்கம் கேட்பாரில்லாமல் நின்ற வீரய்யா இரண்டு கோல் போட்டான். ராகலைக்காரர்களால் ஒன்றைக்கூடத் திருப்பிப் போட முடியவில்லை.

துரைக்குத் தலைகால் புரியவில்லை. வீரய்யாவைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"நீயும் நல்லா ஓடுது. ஞாயித்துக்கெழமை நூறு கெஜம் ஓடு. நான் டைம் பாக்கும்."

பத்துக் கெஜம் குறைந்த அந்த நிலத்தில் வீரய்யா உள்ளபடி ஓடினால் துரையின் சாதனை போய்விடும். துரை சந்தேகப்பட்டு நிலத்தை அளந்தால் கயிற்றின் கதையும் வெளியே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமே திரண்டு வந்திருந்தது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்தவனைப் போல வீரய்யா ஓடினான். கூட்டத்தில் நின்ற அவன் மனைவி அம்மாக்கண்ணுதான் முதலில் பேசினாள்.

"கொழுந்துக் கூடையோட நானே இதவிட வெரசா எறங்குவேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. லோரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

துரை மட்டும் சிரிக்கவில்லை. வீரய்யாவின் முதுகைத் தட்டினார்.

"கவலை வேணாம். தெனம் காலைல வா. நான் சொல்லிக் குடுக்கும்."

அன்றிலிருந்து பெரட்டுக்கு முன்பே, பனிக்குள் துரை முன்னால் ஓட, வீரய்யா பின்னால் ஓடினான். துரைக்குச் சந்தேகம் வராதபடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவன் வேகத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.